எக்ஸெல்லில் மேக்ரோ தடுப்பு ஆன் ஆகி இருக்கிறதா, எங்கே போய்ப் பார்ப்பது?

4 நவம்பர் 2025, மாலை. குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

பீடி, தீப்பெட்டி வியாபாரிகள் ஏழெட்டுப் பேருக்குக் கணக்கு எழுதுகிறேன். மைக்ரோசாஃப்ட் 365 எக்ஸெல் வைத்திருக்கிறேன். இணையத்திலிருந்து வரும் ஃபைலில் மேக்ரோ (ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும், தானாக ஓடக்கூடிய கட்டளைகள்) இருந்தால் 2022லிருந்து எக்ஸெல்லே தடுத்துவிடுகிறது, நாம் எதையும் தொட வேண்டியதில்லை என்கிறார்கள். என் சிஸ்டத்தில் அது ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்க்க மேக்ரோ செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போனேன். அப்படி ஒரு வரியே அங்கே இல்லை. பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

4 நவம்பர், இரவு

2022 என்பது சரி. 'எதையும் தொட வேண்டியதில்லை' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த மாற்றத்தை 2022 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஜூலை தொடக்கத்தில் திடீரென்று பின்வாங்கினார்கள். அதே ஜூலை கடைசியில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். அப்டேட் மெதுவாக வரும்படி வைத்திருந்த ஆபீஸ்களுக்கு அது 2023 ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தது. ஒரே வருடத்தில் வந்து, போய், திரும்பி வந்த ஒன்றை 'தானாகவே இருக்கும்' என்று நம்பி உட்கார என்னால் முடியாது.

பார்க்க வேண்டிய இடம் இது. 'ஃபைல்', அதில் 'ஆப்ஷன்ஸ்', அதில் 'டிரஸ்ட் சென்டர்', அதற்குள் 'டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்'. இடது பக்கம் ஒரு பட்டியல் வரும். 'மேக்ரோ செட்டிங்ஸ்' தொட்டால் நான்கு வட்டம் தெரியும். இரண்டாவது வட்டத்தில் புள்ளி இருக்க வேண்டும். மேக்ரோவை நிறுத்தி வைத்துவிட்டு உங்களிடம் கேட்கும் நிலை அது. கம்பெனியிலிருந்து வரும்போது அப்படித்தான் வரும். அதே பட்டியலில் 'ப்ரொடெக்டட் வியூ' இருக்கிறது, வெளியிலிருந்து வந்த ஃபைலை முதலில் படிக்க மட்டும் திறக்கும் நிலை அது. அங்கே மூன்று டிக், மூன்றும் இருக்க வேண்டும்.

நீங்கள் தேடிய வரி அங்கே இல்லைதான். 2022இல் வந்த தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் ஸ்விட்ச் வைக்கவில்லை. ஃபைலோடு ஒட்டி வரும் ஒரு குறியைப் பார்த்து அது வேலை செய்கிறது. இதை விரிவாக எழுத வேண்டும், நாளை.

நான்காவது வட்டத்தில் புள்ளி இருந்தால் எல்லா மேக்ரோவும் கேட்காமலே ஓடும், எந்தத் தடுப்பும் நிற்காது. உடனே மாற்றுங்கள்.

(9ஆம் தேதி சேர்த்தது: மேலே உள்ள கடைசிப் பத்தி முழுக்கச் சரியில்லை. கீழே பாருங்கள்.)

5 நவம்பர், காலை

'இதற்குப் போய் இவ்வளவு பயமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

2019, ஆடி மாதம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனி, பெயர் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் கணக்கு எழுதப் போவேன். ஷெட்டுக்கு மேலே மாடியில் ஆபீஸ் ரூம். ஜன்னலைத் திறந்தால் ஈரத்தோல் வாடை ஏறிவரும் என்று எப்போதும் சாத்தியே இருக்கும். பில்லிங் பார்க்கும் பெண்ணுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. பேமென்ட் அட்வைஸ் என்று தலைப்பு, கூடவே ஒரு எக்ஸெல் ஃபைல். பணம் வர வேண்டிய நேரம், அதனால் திறந்தாள். மேலே மஞ்சள் பட்டை வந்தது. 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தினாள். உள்ளே வெற்றுத் தாள். தப்பான ஃபைலை அனுப்பிவிட்டார்கள் போல என்று மூடிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

வியாழக்கிழமை நான் போய் பேக்கிங் லிஸ்ட் ஃபோல்டரைத் திறந்தால், ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள் வாலாகத் தொங்குகின்றன. அந்த மெயில் ஃபைலில் இருந்த மேக்ரோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டிருந்தது, ஒன்றும் திறக்கவில்லை. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை ராத்திரி பகலாக அதே சிஸ்டத்தில் செருகியே வைத்திருந்தார்கள். அதிலும் அதே வால்.

'எனேபிள் எடிட்டிங்' அழுத்திய பிறகு, மேக்ரோவுக்கென்று இன்னொரு கேள்வி வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று பார்த்தேன். மேக்ரோ செட்டிங்ஸில் நான்காவது வட்டத்தில் புள்ளி. யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. விசாரித்ததில் ஓரளவு புரிந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது ரிட்டர்னுக்கான எக்ஸெல் டூல்களில் மேக்ரோ இருந்தது. சர்வீஸுக்கு வந்த யாரோ ஒருவர், டூல் ஓட வேண்டும் என்று நான்காவது புள்ளியை வைத்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ரிட்டர்ன் போனது. புள்ளி இரண்டு வருடம் அங்கேயே இருந்தது.

பிறகு நானும் அந்தப் பெண்ணும் டெலிவரி சலான் கட்டுகளைப் பிரித்து வைத்து, மூன்று வருடக் கணக்கை மறுபடி அடித்தோம். பத்தொன்பது நாள். மஞ்சள் கார்பன் காப்பி, மூலையில் ஓட்டை போட்டு டேக் கட்டியிருக்கும். பழைய கட்டுகளில் கார்பன் வெளிறி 6 எது 8 எது என்று தெரியாது. சதுர அடியில் ஒரு எண் மாறினால் பில் முழுக்க மாறும். லாரி ஆபீஸுக்குப் போன் போட்டு அவர்கள் நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். நான்காவது நாள் அவள் அழுதுவிட்டாள். "என்னாலதானே சார்." இல்லைம்மா என்றேன். நீ செய்ததை எல்லாரும்தான் செய்கிறார்கள், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் எக்ஸெல் கேட்கவில்லை, கேட்காதே என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள் என்றேன்.

அதிலிருந்து எந்த ஆபீஸுக்குப் போனாலும் டிபன் பாக்ஸைக் கீழே வைப்பதற்கு முன்னால் டிரஸ்ட் சென்டரைத் திறந்துவிடுகிறேன்.

6 நவம்பர்

ஆம்பூர் அண்ணன் ஒருவர் நல்ல விஷயத்தை நினைவுபடுத்தினார். எக்ஸெல்லில் பார்த்துவிட்டு வேர்டில் பார்க்காமல் விடாதீர்கள். மேக்ரோ செட்டிங் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி. எக்ஸெல்லில் இரண்டாவது புள்ளி, வேர்டில் நான்காவது புள்ளி என்று ஒரே சிஸ்டத்தில் இருக்கலாம்.

9 நவம்பர், ஞாயிறு

வேலூர் லாங் பஜாரில் ராத்திரி கடை சாத்துகிறவர்களைப் பாருங்கள். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்த பிறகு பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். பூட்டின மாதிரி இருப்பது வேறு, இழுத்தால் வராமல் இருப்பது வேறு. செட்டிங்கையும் இன்று அப்படி இழுத்துப் பார்த்தேன்.

புதிய எக்ஸெல் ஃபைல் ஒன்று. ஆல்ட்டும் எஃப்11ம் அழுத்தி மேக்ரோ எழுதும் எடிட்டரைத் திறந்து, ஃபைல் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வரும்படி நான்கு வரி எழுதினேன். பெட்டியில் 'வணக்கம்' போடலாம் என்று தமிழில் அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறி விழுந்தது. அந்த எடிட்டருக்குத் தமிழ் ஏறாது. அதனால் 1806 என்று எண்ணை மட்டும் போட்டேன், சிப்பாய்ப் புரட்சி நடந்த வருடம், வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மறக்காத எண். மேக்ரோவோடு சேமிக்கும் வகையான எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமித்தாயிற்று. யாருக்கும் தீங்கு செய்யாத ஃபைல். 1806 வந்தால் மேக்ரோ ஓடிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் எனக்கே மெயில் போட்டு, பிரவுசரில் டவுன்லோட் செய்து திறந்தேன். மஞ்சள் பட்டையுடன் ப்ரொடெக்டட் வியூ. 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தினேன். உடனே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை, 'செக்யூரிட்டி ரிஸ்க்' என்று தொடங்குகிறது. அதில் 'லேர்ன் மோர்' மட்டும்தான் இருக்கிறது, மேக்ரோவை ஓட விடும் பொத்தானே இல்லை. 1806 வரவில்லை. குடியாத்தம் நண்பரே, நீங்கள் கேட்ட தடுப்பு இந்தப் பட்டைதான்.

அடுத்து அதே டவுன்லோட் ஃபைலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அங்கிருந்து திறந்தேன். ப்ரொடெக்டட் வியூ இல்லை. இளஞ்சிவப்புப் பட்டை இல்லை. சாதாரண மஞ்சள் எச்சரிக்கை, பக்கத்திலேயே 'எனேபிள் கன்டென்ட்' பொத்தான். ஒரு அழுத்து, 1806 வந்துவிட்டது.

ஏன் என்றால், 4ஆம் தேதி எழுதுவதாகச் சொல்லி விட்டுப்போன அந்தக் குறி. தோல் கட்டில் எந்த லாட், எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டு கட்டுவார்கள் இல்லையா, அது மாதிரி. இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலுக்குப் பின்னால் விண்டோஸ் ஒரு மறைவான சீட்டு ஒட்டுகிறது. உள்ளே எழுதியிருப்பது 3 என்ற எண், இணையம் என்று பொருள். ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருப்பதால் சீட்டு அங்கே நிற்கும். நம் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அவற்றில் சீட்டு ஒட்ட இடமே கிடையாது. ஏற்றும்போதே உதிர்ந்துவிடும். சீட்டு போனால் அது உள்ளூர் ஃபைல்தான் என்று எக்ஸெல் எடுத்துக்கொள்கிறது.

ஜிப் ஃபைலும் பார்த்தேன். விண்டோஸில் இருக்கும் எக்ஸ்ட்ராக்ட் மூலம் பிரித்தால் சீட்டு உள்ளிருக்கும் ஃபைலுக்கும் வருகிறது. 7-ஜிப்பில் பிரித்தபோது வரவில்லை. 2022இல் வந்த 22.00 பதிப்பிலிருந்து அதற்கு ஒரு ஆப்ஷன் இருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், 7-ஜிப் பக்கத்தில் 'ப்ராபகேட் ஸோன் ஐடி ஸ்ட்ரீம்'. ஆனால் அது வரும்போதே 'நோ' என்றுதான் வருகிறது. நாமே போய் மாற்ற வேண்டும்.

கடைசியாக, நான்காவது புள்ளியை வைத்துப் பார்த்தேன். இங்கேதான் 4ஆம் தேதி எழுதியது தப்பு என்று தெரிந்தது. நான்காவது புள்ளி இருந்தும், மெயிலில் வந்த ஃபைலுக்கு இளஞ்சிவப்புப் பட்டை வந்தது! சீட்டு இருக்கிறவரை இந்தத் தடுப்பு நிற்கிறது. சீட்டு உதிர்ந்த பென்டிரைவ் ஃபைலோ, திறந்த அதே நொடியில் 1806, ஒரு கேள்வியும் இல்லாமல். ஆக நான்காவது புள்ளி இன்றைக்கும் ஆபத்துதான், ஆனால் வரும் வழி மாறிவிட்டது. 2019இல் மெயிலில் நடந்தது இன்று பென்டிரைவில் நடக்கும்.

சோதித்து முடித்ததும் புள்ளியைத் திரும்ப இரண்டாவது வட்டத்துக்கு மாற்றி, மூடி, மறுபடி திறந்து, மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

11 நவம்பர்

இன்று 11, ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள். யாருக்கும் நேரம் இருக்காது. ஒன்றே ஒன்று. அரசாங்க டூலை மேக்ரோவோடு ஓட்டியே ஆக வேண்டும் என்றால், அதற்காகப் புள்ளியை நகர்த்தாதீர்கள். போர்ட்டலிலிருந்து நீங்களே இறக்கிய ஜிப் ஃபைல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரிப்பதற்கு முன்னால் அதை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால், 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' டிக் இருக்கும். டிக் போட்டு ஓகே கொடுத்துவிட்டுப் பிரியுங்கள். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் வழி கிடைக்கும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய டூலுக்கு இதைச் செய்யவே கூடாது.

15 நவம்பர், சனி

மேல்விஷாரத்தில் ஒரு ஷூ அப்பர் ஜாப் வொர்க் ஆபீஸ். பீஸ் ரேட் கூலிக் கணக்கு எக்ஸெல்லில் மேக்ரோவோடு ஓடுகிறது. போனதும் பார்த்தேன். இரண்டாவது வட்டத்தில் புள்ளி. ப்ரொடெக்டட் வியூவில் மூன்று டிக். எல்லாம் வந்தபடியே இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் 1806 ஃபைலை மெயிலில் அனுப்பி அங்கே இறக்கித் திறந்தேன். பட்டை எதுவும் வரவில்லை, நேராக 1806.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மறுபடி செட்டிங்ஸ். எல்லாம் சரி. பிறகு இடது பட்டியலில் இன்னும் மேலே இருக்கும் 'டிரஸ்டட் லொகேஷன்ஸ்' திறந்தேன். 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் சேர்த்து என்ற டிக்கோடு. அந்தப் பட்டியலில் இருக்கும் இடத்திலிருந்து திறக்கும் ஃபைலுக்கு எக்ஸெல் சீட்டையும் பார்க்காது, புள்ளியையும் பார்க்காது, ப்ரொடெக்டட் வியூவும் வராது. மெயிலில் வருவதெல்லாம் வந்து விழும் இடம் டவுன்லோட்ஸ்தான். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் புழக்கடைக் கதவைத் திறந்து போட்ட கதை.

முதலாளி பாய் பக்கத்தில் வந்து நின்றார். "நாங்க எதையும் மாத்தலையே, நீங்க சொன்ன மாதிரிதானே இருக்கு" என்றார். உண்மை. போன வருடம் நான்தான் அவரிடம் கூலிக் கணக்கு ஃபைலை டிரஸ்டட் லொகேஷனில் வையுங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். எந்த ஃபோல்டர் என்று சொல்லவில்லை. ஃபைல் டவுன்லோட்ஸில் இருந்ததால் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். அவருக்கு அதை விளக்கி, டி டிரைவில் கூலிக் கணக்குக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, அந்த ஒரு ஃபைலை அங்கே மாற்றி, டவுன்லோட்ஸைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். மறுபடி 1806 ஃபைலை இறக்கித் திறந்தேன். இப்போது இளஞ்சிவப்புப் பட்டை.

4ஆம் தேதி எழுதியதில் டிரஸ்டட் லொகேஷன்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை மட்டும் படித்துவிட்டுப் போனவர்கள் தயவுசெய்து இதையும் பாருங்கள்.

16 நவம்பர்

பேரணாம்பட்டு தம்பி பதறிப்போய் எழுதியிருக்கிறார், அவர் பட்டியலில் ஏற்கெனவே ஐந்தாறு இடங்கள் இருக்கின்றனவாம். பதற வேண்டாம் தம்பி. டெம்ப்ளேட்ஸ், எக்ஸ்எல்ஸ்டார்ட் என்று ஆபீஸே சில இடங்களைச் சேர்த்துத்தான் கொடுக்கிறது. உங்கள் பெயரில் இருக்கும் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், அல்லது முழு டி டிரைவ் இருந்தால்தான் எடுக்க வேண்டும். 'நெட்வொர்க்கில் உள்ள இடங்களையும் அனுமதி' என்று அடியில் ஒரு டிக் பெட்டி உண்டு. அது காலியாக இருப்பதுதான் வந்தபடி.

நேற்று மாலை காந்தி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வரிசை, கடைப் பலகையிலேயே வங்காளத்தில் எழுதியிருக்கும். ஒவ்வொருவரும் பென்டிரைவ், மெயில், போன் என்று எதிலோ ரிப்போர்ட்டையும் ரயில் டிக்கெட்டையும் கொண்டுவருகிறார்கள். அரை மணி நேரத்தில் ஒன்பது பென்டிரைவ் எண்ணினேன். திரையைப் பார்த்தால் எக்ஸெல்லின் இடது மூலையில் வட்டப் பொத்தான். 2007 பதிப்பு. அதற்கு 2017 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. ப்ரொடெக்டட் வியூ 2010 பதிப்பில்தான் வந்தது, ஆகவே இந்தக் கடையில் அது ஆன் ஆகி இருக்கிறதா என்று தேடவே முடியாது. கடைப் பையனிடம் சொன்னேன். மேக்ரோ செட்டிங்கையாவது பார்த்து வைத்துக்கொள், எக்ஸெல் ஃபைலைத் திறக்காமல் பிடிஎஃப் ஆகக் கேள் என்றேன். தலையாட்டினான். கூட்டத்தில் அதற்கு மேல் பேச இடமில்லை.

ஆபீஸ் 2016, 2019 வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். போன மாதம் 14ஆம் தேதியோடு அவற்றுக்கும் ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 10 முடிந்த அதே நாள்.

18 நவம்பர்

ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவர் கேட்கிறார், நான்கு வட்டமும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை என்று. நல்ல செய்தி. உங்கள் ஐடி ஆட்கள் மேலிருந்து பூட்டியிருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

20 நவம்பர், இரவு

ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னை முடித்துவிட்டுக் குடியாத்தம் நண்பர் திரும்ப வந்திருக்கிறார். எக்ஸெல்லில் எல்லாம் வந்தபடியே இருந்ததாம். வேர்டில் நான்காவது புள்ளி! ஆம்பூர் அண்ணன் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள். எப்போது யார் வைத்தது என்று அவருக்கும் ஞாபகம் இல்லை. செகண்ட் ஹேண்ட் சிஸ்டம், முன்பு வைத்திருந்தவர் வைத்ததாக இருக்கலாம். மாற்றிவிட்டார். டெஸ்ட் ஃபைல் செய்து இழுத்தும் பார்த்துவிட்டார். அவருடைய எண் 786.

23 நவம்பர், ஞாயிறு

18ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். சாம்பல் நிறம் என்றாலே நல்ல செய்தி என்று அவசரப்பட்டுவிட்டேன்.

1999 மார்ச்சில் மெலிஸா என்று ஒரு மேக்ரோ வைரஸ் வந்தது. வேர்டு ஃபைலில் வந்து, அவுட்லுக்கில் இருக்கும் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொள்ளும். அது எப்படி வேலை செய்தது என்று இன்று மறுபடி படித்தேன். வந்தவுடன் முதல் வேலையாக வேர்டின் மேக்ரோ பாதுகாப்பை 'லோ'வுக்கு இறக்கிவிட்டு, அந்த மெனுவையே திறக்க முடியாதபடி முடக்கியும் வைத்திருக்கிறது. நாம் போய்ப் பார்க்கக்கூடிய இடம் எது என்று எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் 'டூல்ஸ்', 'மேக்ரோ', 'செக்யூரிட்டி' என்று போனால் ஹை, மீடியம், லோ என்று மூன்று இருக்கும். அதில் லோ.

ஆகவே சாம்பல் நிறத்தைப் பார்த்தால், யார் பூட்டியது என்று கேளுங்கள். ஐடி ஆள் 'நாங்கள்தான்' என்று சொன்னால் சரி. ஐடி ஆளே இல்லாத, இரண்டு சிஸ்டம் உள்ள ஆபீஸில் சாம்பல் நிறம் தெரிந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். எந்த வட்டத்தில் பூட்டியிருக்கிறது என்பதும் முக்கியம்.

இன்னொன்றும் படித்தேன். 2022இல் மேக்ரோவைத் தடுத்ததும் கெட்டவர்கள் ஐஎஸ்ஓ ஃபைலுக்குள் (ஒரு முழு சிடியை அப்படியே ஒரே ஃபைலாக ஆக்கியது) வைத்து அனுப்பத் தொடங்கினார்கள். உள்ளே இருக்கும் ஃபைலுக்குச் சீட்டு போகாது என்பதால். அந்த ஓட்டையை 2022 நவம்பர் அப்டேட்டில் அடைத்தார்கள். பிறகு மைக்ரோசாஃப்டின் குறிப்பு எழுதும் மென்பொருளான ஒன்நோட் வழியாக வந்தார்கள், அதையும் 2023இல் அடைத்தார்கள். அப்டேட்டைத் தள்ளிப் போடுகிற ஆபீஸில் இந்த ஓட்டைகள் இன்றும் திறந்துதான் இருக்கும்.

28 நவம்பர்

புதிதாகத் தெரிந்துகொண்டது. மேக்ரோ செட்டிங் சிஸ்டத்துக்கு ஒன்று என்று இல்லை, விண்டோஸ் லாகின் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சத்துவாச்சாரியில் நான் கணக்கு எழுதும் கடையில் பகலில் ஒருவர், மாலையில் ஒருவர் ஒரே சிஸ்டத்தில் உட்காருகிறார்கள், தனித்தனி லாகின். பகல் லாகினில் எல்லாம் சரி என்று மூன்று வருடமாக நான் குறித்து வைத்திருக்கிறேன். மாலை லாகினைத் திறந்ததே இல்லை. நேற்று இருந்து பார்த்தேன். நல்ல வேளை, அதிலும் இரண்டாவது புள்ளிதான், டிரஸ்டட் லொகேஷனிலும் புதிதாக ஒன்றும் இல்லை. என் நோட்டில் இனி சிஸ்டம் என்று ஒரு கட்டம், லாகின் என்று ஒரு கட்டம், எக்ஸெல், வேர்டு என்று தனித்தனிக் கட்டம்.

4 டிசம்பர்

நேற்று தீபம், பஸ் எல்லாம் திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. இன்று காலைதான் ராணிப்பேட்டைப் பக்கம் போக முடிந்தது. 2019இல் சலான் பிரித்தோமே, அதே கம்பெனி. அந்தப் பெண் இப்போது அங்கே அக்கவுண்ட்ஸ் முழுக்கப் பார்க்கிறாள். பில்லிங்குக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், அவளுக்குப் புது சிஸ்டம் வாங்கியிருக்கிறார்கள்.

புது சிஸ்டம்தானே, எல்லாம் வந்தபடிதான் இருக்கும் என்று நானே நினைத்தேன். பழைய பெண் விடவில்லை. நான் உட்காருவதற்குள் அவளே புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். எக்ஸெல், வேர்டு, மூன்று டிக், டிரஸ்டட் லொகேஷன்ஸ். பிறகு தன் மெயிலிலிருந்து ஒரு ஃபைல் அனுப்பித் திறக்கச் சொன்னாள். மஞ்சள் பட்டை. 'எனேபிள் எடிட்டிங்'. இளஞ்சிவப்புப் பட்டை.

"இப்படி வந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள் பழைய பெண்.

"மூடிட்டு உங்களைக் கூப்பிடணும்க்கா."

"கூப்பிடு. நான் எந்த வேலையா இருந்தாலும் கூப்பிடு."

பேக்கப் ஹார்ட் டிஸ்க் எங்கே என்று பார்த்தேன். சிஸ்டத்தில் இல்லை. பீரோவுக்குள் துணிப்பையில் இருந்தது, கடைசியாக எடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டியிருந்தாள்.